எந்த ரோட்டில் வருகிறீர்கள்?

2022 நவம்பரில் திடீரென்று காணாமல் போனீர்களே, என்ன ஆச்சு என்று இரண்டு மூன்று நண்பர்கள் கேட்டிருந்தார்கள். அப்போது "கொஞ்சம் வேலை" என்று மழுப்பிவிட்டேன். வேலை எதுவும் இல்லை. நெஞ்சில் ஒரு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். ஊரில் அம்மாவுக்கே பத்து நாள் கழித்துத்தான் சொன்னோம். அதனால் இங்கேயும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. மன்னார்குடிக்காரன், பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் சேர்ந்தவன். டெபிட், கிரெடிட் தெரியும். ஆகவே இது வைத்தியக் குறிப்பு அல்ல. படுத்திருந்த நாட்களில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சரித்திரம், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்காஜ்கிரியில் வீடு, பேகம்பேட் பக்கம் ஆபீஸ். பைக்கில் மெட்டுகுடா வந்து, செகந்தராபாத் ஸ்டேஷன் பக்கமாகப் போய், பாரடைஸ் தாண்டிப் போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காலை ஒன்பதரைக்கு அது ஒரு மணி நேரம். ஆர்.டி.சி. பஸ், ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, கல்யாண வேன் என்று எல்லாம் முண்டியடிக்கும். நவம்பர் மாதக் காலை, பனியும் புகையும் கலந்து தரையோடு நிற்கும். ஒரு பழைய லாரிக்குப் பின்னால் கால்மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தேன். நெஞ்சில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போல இருந்தது. முந்தின நாள் சாப்பிட்ட மிர்ச்சி பஜ்ஜி, கேஸ் என்று நினைத்துக்கொண்டே ஆபீஸ் வரை போய்ச் சேர்ந்தேன். லிஃப்ட் வாசலில் வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து எங்கள் கேஷியர் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் புண்ணியத்தில் இதை எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் ஒரு பட்டியல் போட்டுக் கேட்டார். சிகரெட்? இல்லை. குடி? இல்லை. சுகர்? பார்டர். பிரஷர்? கொஞ்சம். அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்ததா? வந்தது, அறுபது வயதில். வேலையில் டென்ஷன்? (இதற்கு நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.) நடக்கிறீர்களா? இல்லை. எண்ணெய், உப்பு, தூக்கம் என்று எல்லாம் கேட்டார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி கேட்டாள். "என்னங்க, தினமும் ரெண்டு மணி நேரம் அந்தப் புகையிலதான் நிக்கறீங்க. அதைப் பத்தி டாக்டர் ஒண்ணுமே கேட்கலையே?"

கேட்கவில்லைதான். எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. புகை என்றால் நுரையீரல், இருமல், ஆஸ்துமா. ஹார்ட்டுக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் மட்டும் அல்ல, உலகமே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்திருக்கிறது.

*

காற்று மனிதனைக் கொல்லும் என்று உலகம் அதிர்ந்து பார்த்தது 1952 டிசம்பரில், லண்டனில். டிசம்பர் 5 முதல் 9 வரை ஐந்து நாள் காற்று அசையவே இல்லை. கணப்பு அடுப்புகளின் நிலக்கரிப் புகை ஊரை விட்டு நகரவில்லை. நான்காயிரம் பேர் அதிகமாக இறந்தார்கள் என்று அப்போது கணக்குப் போட்டார்கள். பிற்கால ஆய்வாளர்கள் சிலர் பன்னிரண்டாயிரம் வரை சொல்கிறார்கள். அதன் விளைவாக 1956இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் வந்தது.

எனக்கு இதில் உறைத்த விஷயம் வேறு. அந்த வாரம் மார்ச்சளியால் இறந்தவர்கள் மட்டும் அதிகமாகவில்லை, இதய நோயால் இறந்தவர்களும் அதிகமானார்கள். பதிவேட்டில் அது இருந்தது. ஆனால் இருமிக்கொண்டு இறந்தவர்கள்தான் எல்லோர் கண்ணிலும் பட்டார்கள். பழைய இதய நோயாளி, மூச்சுத் திணறலில் போய்விட்டார் என்று மற்றவர்களின் பக்கத்தை மூடிவிட்டார்கள். லெட்ஜரில் என்ட்ரி இருக்கிறது, ஆடிட்டர் கண்ணில் படவில்லை. எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடப்பதுதான்.

அந்த என்ட்ரியை மறுபடி தேடி எடுக்க நாற்பது வருடம் ஆனது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தினர் எழுபதுகளின் நடுவில் ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்து 8,111 பேரைப் பதினான்கு, பதினாறு வருடம் பின்தொடர்ந்தார்கள். வயது, எடை, சிகரெட் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். 1993 டிசம்பரில் முடிவு வெளியானது. காற்று மிக மோசமாக இருந்த ஸ்டூபன்வில் என்ற இரும்பாலை ஊரில், மிகச் சுத்தமாக இருந்த போர்ட்டேஜை விட இறப்பு விகிதம் 26 சதவீதம் அதிகம். அந்தக் கூடுதல், நுரையீரல் புற்றுநோயில் மட்டும் இல்லை, இதயமும் நுரையீரலும் சம்பந்தப்பட்ட இறப்புகளிலும் இருந்தது. அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகள் கணக்கை இன்னும் பிரித்துப் பார்த்தபோது, பெரிய பங்கு இதயத்தின் பக்கம் என்று தெரிந்தது. 2004இல் அமெரிக்க இதயச் சங்கம் இதை முறையாக ஏற்று அறிக்கை வெளியிட்டது.

குற்றவாளியின் பெயரும் அப்போதுதான் பிரபலமாயிற்று. பி.எம். 2.5. அதாவது 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள், நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. கண்ணில் விழுந்து உறுத்தும் தூசி அல்ல. மூக்கின் முடி, சளி எல்லாவற்றையும் ஏமாற்றிவிட்டு நுரையீரலின் கடைசி அறை வரை போகக்கூடியது. டீசல் இன்ஜின் கக்குவதில் பெரும்பகுதி இதைவிடவும் பொடி.

*

இனி என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். "எந்த ரோட்டில் வந்தீர்கள்?" என்று மாரடைப்பு வந்தவரிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்ற ஊரில். 1999 பிப்ரவரி முதல் 2001 ஜூலை வரை, மாரடைப்பு வந்து பிழைத்த 691 பேரிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அட்டாக்குக்கு முந்தின நான்கு நாட்களில் மணிக்கு மணி என்ன செய்தீர்கள்? எங்கே போனீர்கள்? காரிலா, பஸ்ஸிலா, சைக்கிளிலா? அன்னெட் பீட்டர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு அதைத் தொகுத்து 2004இல் வெளியிட்டது. ஒருவர் போக்குவரத்து நெரிசலில் இருந்துவிட்டு வந்த அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நேரங்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு.

எனக்கு லாரிக்குப் பின்னால் நின்றதற்கும் லிஃப்ட் வாசலுக்கும் இடையில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

உடனே "ஆகா, ரோடுதான் காரணம்" என்று நான் குதிக்கவில்லை. ஆபீஸுக்கு லேட் ஆகும் டென்ஷன், ஹாரன் சத்தம் இவையும் நெரிசலில் சேர்ந்தே இருக்கின்றன, ஆக்ஸ்பர்க் கணக்கில் அவற்றைத் தனியே பிரிக்க முடியாது. காரில் போனவருக்கும் பஸ்ஸில் போனவருக்கும் சைக்கிளில் போனவருக்கும் ஆபத்து கூடியிருந்ததால் வண்டி ஓட்டும் டென்ஷன் ஒன்றே காரணம் என்றும் சொல்ல முடியாது. வெறும் புகை மட்டும் என்ன செய்யும் என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அதையும் பார்த்துவிட்டார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு, ஸ்காட்லாந்தின் எடின்பரோக்காரர்களும் ஸ்வீடனின் ஊமியாக்காரர்களும் சேர்ந்து செய்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து தேறிய இருபது ஆண்களை ஓர் அறைக்குள் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் வடிகட்டிய சுத்தமான காற்று. இன்னொரு நாள் நீர்த்த டீசல் புகை, கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராம், ஒரு மணி நேரம். எந்த நாள் எது என்று மிதித்தவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. புகை நாளில் ஈ.சி.ஜி.யில் இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம் கூடுதலாகத் தெரிந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்க நம் உடம்பே சுரக்கும் பொருளும் குறைந்திருந்தது. முந்நூறு மைக்ரோகிராம் என்பது ஏதோ விஷவாயு அறை அல்ல. நெரிசலான ரோட்டோரத்தில் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

எப்படி நுரையீரலில் இருந்து இதயத்துக்குப் போகிறது? மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்று, நுரையீரலில் எரிச்சல் உண்டாகி அந்த அழற்சி ரத்தம் வழியே உடம்பெல்லாம் பரவுகிறது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இரண்டு, இதயத் துடிப்பையும் ரத்தக்குழாயின் இறுக்கத்தையும் நடத்தும் நரம்புகளின் சமநிலை கெடுகிறது, பிரஷர் ஏறுகிறது. மூன்று, மிகப் பொடியான துகள்கள் நேரடியாகவே ரத்தத்துக்குள் இறங்கிவிடுகின்றன.

மூன்றாவதை நிரூபிக்க எடின்பரோக்காரர்கள் 2017இல் செய்த காரியம், நகைக்கடன் பார்க்கும் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. கரித்துகளை உடம்புக்குள் தேடுவது கஷ்டம். அதனால் தங்கத்தை அதே அளவுக்குப் பொடித்துச் சிலரை சுவாசிக்க வைத்தார்கள். தங்கம் ஒரு நாளுக்குள் ரத்தத்தில் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்தும் சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு எடுக்க ஆபரேஷனுக்குக் காத்திருந்த சிலரையும் அதே போல சுவாசிக்க வைத்திருந்தார்கள். எடுத்த அடைப்புக்குள் தங்கம் இருந்தது. உள்ளே போனது போய், எங்கே புண் இருக்கிறதோ அங்கேயே சென்று உட்கார்ந்திருக்கிறது.

*

"எல்லாம் சரி, என் ஒருவனுக்கு எவ்வளவு ஆபத்து?" என்றால், ஒருவருக்கு ரொம்பக் குறைவுதான். இந்த இடத்தில்தான் என் பி.காம். மூளைக்கு விளங்கிய கணக்கு ஒன்று இருக்கிறது.

பெல்ஜியத்தில் டிம் நவ்ரோட் என்பவரின் குழு 2011இல் 36 ஆய்வுகளைச் சேர்த்து, மாரடைப்பைத் தூண்டிவிடும் காரணங்களை வரிசைப்படுத்தியது. தனி ஆளுக்கு ஆபத்து என்று பார்த்தால் கொக்கெயின்தான் முதலிடம், ஆபத்தை இருபது மடங்குக்கு மேல் ஏற்றிவிடும். ஆனால் கொக்கெயின் போடுகிறவர்கள் எத்தனை பேர்? ஆகவே மொத்த மாரடைப்புகளில் அதன் பங்கு 0.9 சதவீதம்தான். போக்குவரத்தில் இருப்பதன் பங்கு 7.4 சதவீதம், பட்டியலில் முதலிடம். ஏன்? ரோட்டில் எல்லோரும் இருக்கிறோம்.

ஒருவரிடம் லட்ச ரூபாய் பிடித்தால் ஊரே கேட்கும். கோடிக் கணக்கான அக்கவுன்டில் பதினைந்து ரூபாய் எஸ்.எம்.எஸ். சார்ஜ் பிடித்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் வருமானம் எங்கே அதிகம் என்று எங்களுக்குத் தெரியும் :-) புகை நம்மிடம் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பாஸ்புக்கில் வராததால் யாரும் கேட்பதில்லை.

*

"ஜெர்மனிக்காரன், ஸ்வீடன்காரன் கதையெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விடை என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

மெட்டுகுடாவுக்கு அடுத்த மெட்ரோ ஸ்டேஷன் தார்நாக்கா. அங்கே பக்கத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. நாம் பெருமைப்பட ஒரு தகவல்: அது பிறந்தது நம் குன்னூரில். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியது அது. 1958இல் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்குப் பெட்டி கட்டியது. என்னைப் போல அதுவும் மலை இறங்கி வந்த டிரான்ஸ்ஃபர் கேஸ்! (எனக்கு மலை இல்லை, டெல்டாதான். விடுங்கள்.)

இந்த நிறுவனம் 1987 முதல் 1990 வரை ஹைதராபாத் சுற்றுவட்டாரத்தில் 29 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தியது. ஒரு பகுதிக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் சத்துணவு கொடுத்துவிட்டு, கொடுக்காத கிராமங்களோடு ஒப்பிடுவதுதான் திட்டம். சோதனை முடிந்தது, ஃபைல் மூடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் 2003க்குப் பிறகு சிலர் அந்தக் குழந்தைகளைத் தேடிப் போனார்கள். பதின்வயதில் நின்ற அவர்களை அளந்தார்கள். சத்துணவு கிடைத்த கிராமத்துப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம், அவர்களுடைய ரத்தக்குழாய்களும் கொஞ்சம் இளக்கமாக இருந்தன. 2008இல் இது வெளியானது. பிறகு அந்தப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், கூடப் பிறந்தவர்கள் என்று குடும்பம் குடும்பமாகத் தொடர்ந்தார்கள்.

2015 வாக்கில் பார்சிலோனாவிலிருந்து கேத்ரின் டான் என்பவரின் குழு வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டது. இத்தனை வருடமாக இதயமும் ரத்தக்குழாயும் அளந்து வைத்த மக்கள் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்றையும் அளந்துவிட்டால்? அளந்தார்கள். 28 கிராமங்கள், 3,300 பேருக்கு மேல். சராசரி பி.எம். 2.5 அளவு கனமீட்டருக்கு சுமார் 33 மைக்ரோகிராம். கழுத்து ரத்தக்குழாயின் சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். எதிர்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரக்கூடும் என்பதற்கு அது ஒரு முன்னறிவிப்பு. 2020இல் வெளியான முடிவு: காற்றில் துகள் கூடக் கூட சுவரும் தடித்திருந்தது. ஆண்களிடமும் நாற்பது தாண்டியவர்களிடமும் இது கூடுதலாகத் தெரிந்தது. காற்றோட்டமில்லாத இடத்தில் விறகு எரித்துச் சமைத்த பெண்களுக்கும் அப்படியே.

இந்த இடத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலாவது, இவை கிராமங்கள், மெட்டுகுடா அல்ல. அங்கே ரோட்டுப் புகையோடு அடுப்புப் புகை, குப்பை எரிப்பது எல்லாம் கலந்திருக்கிறது. இரண்டாவது, 33 என்பது நம் நாட்டுச் சட்டப்படி பாஸ் மார்க்! 2009இல் இந்தியா வகுத்த வருடாந்தர வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2005இல் 10 என்று வைத்திருந்த வரம்பை 2021இல் 5ஆகக் குறைத்துவிட்டது. நாம் பாஸ் என்று சொல்லும் காற்றிலேயே ரத்தக்குழாய் தடிக்கிறது என்பதுதான் தார்நாக்காவுக்குப் பக்கத்திலிருந்து வந்த செய்தி.

சென்னை நண்பர்கள் தப்பிக்க வேண்டாம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் 2002 முதல் 2004 வரையிலான சென்னை இறப்புப் பதிவுகளைக் காற்று அளவோடு வைத்துப் பார்த்தார்கள். பெரிய துகளான பி.எம். 10 பத்து மைக்ரோகிராம் கூடினால் அன்றாட இறப்பு சுமார் 0.4 சதவீதம் கூடியது. 2024இல் வெளியான இன்னொரு ஆய்வு ஹைதராபாத், சென்னை உட்படப் பத்து நகரங்களை எடுத்துக்கொண்டது. 2008 முதல் 2019 வரை 36 லட்சம் இறப்புகள். பி.எம். 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 1.4 சதவீதம் கூடுகிறது. இந்தியாவின் ஒரு நாள் வரம்பான 60க்குக் கீழே இருந்த நாட்களிலும் இறப்பு கூடத்தான் செய்தது. இந்தப் பத்து ஊரிலும் சேர்த்து வருடத்துக்கு முப்பத்து மூவாயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் மாரடைப்பு மட்டும் தனியாக இல்லை, எல்லாக் காரணமும் சேர்ந்த எண்.

*

இனி சொல்லப் போவது கொஞ்சம் சங்கடமான பகுதி. நான் புகையை வாங்கியவன் மட்டும் அல்ல, விற்கவும் உதவியவன்.

நம் நாட்டில் இந்தப் போராட்டம் கோர்ட் படியேறி வந்தது. எம்.சி. மேத்தா என்ற வக்கீல் 1985இல் டெல்லிக் காற்றுக்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1998இல் டெல்லி பஸ்களை சி.என்.ஜி.க்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் ஒழிந்தது. 2003 ஆகஸ்டில் கோர்ட், ஹைதராபாத், சென்னை போன்ற மற்ற நகரங்களும் செயல்திட்டம் தர வேண்டும் என்றது. பாரத் ஸ்டேஜ் என்ற விதிகள் படிப்படியாக வந்தன. தொண்ணூறுகளின் நடுவில் டீசலில் பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் பங்கு கந்தகம் இருக்கலாம். பி.எஸ். 4இல் அது 50. பி.எஸ். 6இல் வெறும் 10. கந்தகம் குறைந்தால்தான் டீசல் வண்டியில் துகள் வடிகட்டி வேலை செய்யும். அந்த வடிகட்டி போட்ட இன்ஜின் புகையை ஊமியாவில் மனிதர்களைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள், ரத்தக்குழாய்க்கு வந்த கெடுதல் பெருமளவு மறைந்தது. 2011இல் வந்த முடிவு அது. ஆக மருந்து இருந்தது. கடைக்கு வரத்தான் தாமதம்.

2017 மார்ச் 29. ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டி எதையும் விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. நாடு முழுவதும் எட்டு லட்சத்துக்கு மேல் வண்டி ஸ்டாக்கில். கையில் இரண்டே நாள். ஷோரூம்களில் தள்ளுபடி தீபாவளி! இரு சக்கர வண்டிக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று இறக்கினார்கள். அப்போது நான் மல்காஜ்கிரிப் பக்கம் ஒரு கிளையில் வாகனக் கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். இயர் எண்டிங் வேறு. மார்ச் 30, 31 இரண்டு நாளும் மேஜையைச் சுற்றி நின்ற கூட்டத்தை மறக்க முடியாது. ராத்திரி பத்து மணி வரை கையெழுத்துப் போட்டேன். டார்கெட் தாண்டியது, ரீஜினல் ஆபீஸிலிருந்து பாராட்டினார்கள். எனக்கும் ஒரு ஸ்கூட்டர் தள்ளுபடியில் எடுத்தேன். பத்தாயிரம் மிச்சம் என்று வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

அந்த ஸ்கூட்டர் இன்னும் ஓடுகிறது.

அன்று கையெழுத்துப் போட்டவற்றில் ஓர் ஆட்டோ லோனும் உண்டு. அவருடைய தாத்தா ரயில்வே வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்தராபாத் வந்தவர். செகந்தராபாத், மல்காஜ்கிரி பக்கத்தில் ரயில்வேயையும் ராணுவத்தையும் நம்பி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பாதி தமிழ், பாதி தெலுங்கில் பேசுவார். நான் வேறு கிளைக்குப் போன பிறகும் ரோட்டில் பார்த்தால் வண்டியை ஓரம் கட்டுவார். ஸ்டென்ட் வைத்த பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி செக்-அப்புக்கு அவர் ஆட்டோவில்தான் போனேன். கதையைச் சொன்னேன்.

"எனக்கும் நெஞ்சு புடிக்குது சார். ஸ்டேஷன் முன்னாடி நின்னுட்டே இருக்கேன் கதா. கேஸ்தான்னு சோடா குடிச்சுக்குவேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்தப் புகையில் நின்றது தினம் இரண்டு மணி நேரம். அவர் பன்னிரண்டு மணி நேரம். அவருக்குக் கடன் கொடுத்தபோது பர்மிட், இன்ஷூரன்ஸ், ஜாமீன்தாரர் என்று பதினெட்டுக் காகிதம் வாங்கினேன். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஓட்டுகிறவருடைய நெஞ்சுக்கு எங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. அன்றைக்கே அவரையும் உள்ளே கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுக்க வைத்தேன். ரிப்போர்ட்டில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனால் பிரஷர் 170. அவருக்கே தெரியாது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். சோடாவை விட்டாரா என்று தெரியவில்லை.

*

கடைசியாக, நான் என்ன மாற்றிக்கொண்டேன்?

முதலில் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த விசிட்டில் இதையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப சரி. ஆனால் மாத்திரை, நடை, பிரஷர், சுகர் இதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. ரோட்டைக் காரணம் காட்டி இதை விட்டுவிடாதீர்கள்" என்றார். அப்பாவுக்கும் இருந்தது, சுகர் பார்டர், உட்கார்ந்தே வேலை. என் அடைப்பில் ரோட்டின் பங்கு எத்தனை பைசா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மாத்திரையை விடவில்லை. அதோடு பீக் அவரில் பைக் எடுப்பதில்லை. மெட்டுகுடா வரை உள்தெரு வழியாகப் போய் அங்கிருந்து மெட்ரோ. பெரிய ரோட்டிலிருந்து நூற்றைம்பது, இருநூறு மீட்டர் தள்ளிப் போனாலே வண்டிப் புகையின் அளவு நன்றாகக் குறைந்துவிடும். 2017 நவம்பரில் மெட்ரோ வந்த பிறகும் ஐந்து வருடம் பைக்கில்தான் போயிருக்கிறேன், யாரைக் குறை சொல்ல? நடப்பது மெயின் ரோட்டில் இல்லை, காலையில் சஃபில்குடா ஏரிப் பக்கம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பனியோடு புகை தங்கும் நாட்களில் வெயில் ஏறிய பிறகுதான். ரோட்டில் நிற்க வேண்டி வந்தால் நல்ல மாஸ்க். பெய்ஜிங்கில் இதய நோயாளிகள் 98 பேரை மாஸ்க்கோடும் இல்லாமலும் நடக்க வைத்துப் பார்த்து, மாஸ்க் போட்ட நாளில் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது என்று 2012இல் எழுதியிருக்கிறார்கள். கர்ச்சீப் கட்டுவது தூசிக்கு, இதற்குப் போதாது.

இதெல்லாம் ஆபீஸ் வேலைக்காரனுக்கு முடியும். ஸ்டேஷன் வாசலில் சவாரிக்கு நிற்பவர், சிக்னலில் பூ விற்கும் அம்மா, டிராஃபிக் போலீஸ்காரர் எந்த உள்தெருவுக்குப் போவார்கள்? அவர்களுக்கு வண்டிதான் மாற வேண்டும், பஸ்தான் மாற வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்துவிட்டது. ஆனால் பழைய வண்டி ஒரே நாளில் ரோட்டை விட்டுப் போகாது. நான் 2017இல் கையெழுத்துப் போட்டவை எத்தனையோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதில் ஒன்று என் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. இந்த வருடம் அதைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் எடுக்கலாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். "லோன் யாரு கையெழுத்துப் போடுவா?" என்று கேட்டாள்.

கொசுறு: நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கை வலி என்றால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், என்னைப் போல பைக்கும் ஓட்டாதீர்கள். 108க்கு அடியுங்கள். அந்த 108 வண்டி இந்தியாவில் முதன்முதலாக ஓடத் தொடங்கியது இந்த ஹைதராபாத்தில்தான், 2005 ஆகஸ்ட் 15 அன்று. ஆம்புலன்ஸில் வருகிறவர் ஒருவேளை கேட்கலாம், எந்த ரோட்டில் வந்தீர்கள் என்று. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.